பாசாங்குத் தண்ணீர்

கடலை நான் முதலில் பார்த்த நாளில் ஒரு தென்னை மரம் அதில் தலையை வைத்துப் படுத்திருந்தது. வேர் கரையில், குருத்து தண்ணீரில். விழுந்து கிடந்தாலும் மரம் சாகவில்லை, குலை தள்ளியிருந்தது. அலை வரும்போதெல்லாம் காய்கள் ஒன்றோடொன்று முட்டி டொக் டொக் என்று சத்தம் போட்டன. பக்கத்தில் இன்னொரு மரம் பாதி சாய்ந்து, விழலாமா வேண்டாமா என்று யோசிப்பது போல நின்றது. அதற்கும் பின்னால் நேராக நின்ற மரங்களின் அடியில் மணல் போய், வேர்கள் கொத்துக் கொத்தாக வெளியே தொங்கின. அலோர் காஜா பக்கத்தில் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். மரத்தை மனிதன் வெட்டிப் பார்த்திருக்கிறேன், காற்று தள்ளிப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் வந்து மண்ணைத் தின்று மரத்தைப் படுக்க வைக்கும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அடிவயிற்றில் ஒரு குளிர் ஏறியது. எண்பது வயதைத் தாண்டிவிட்டேன், அது இன்னும் முழுதாக இறங்கவில்லை.

இதை எழுதுகிறவன் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் மூன்று வகுப்பு, அதோடு சரி. ஆனால் மலாக்கா கரையோரம் நான் ஜாக்கி வைத்துத் தூக்கிய வீடுகளையும், கட்டிய கல் அணைகளையும், கடலில் மண் கொட்டித் தூர்த்த நிலத்தையும் ஒன்றாகச் சேர்த்தால் ஒரு சின்ன ஊரே ஆகும். படித்துப் பட்டம் வாங்கி வந்தவர்கள் வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நான் தரையைப் பார்த்து முடிக்கும்வரை வெயிலில் நின்றிருக்கிறார்கள். "பெரியவர் சொல்லிட்டாரா?" என்று கேட்பார்கள். சொல்லிவிட்டேன் என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. பெருமைக்காகத்தான் சொல்கிறேன். கையால் சம்பாதித்த பெருமையைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. ஆனால் அந்தப் பெருமைக்கு அடியில் ஒரு நாள் இருக்கிறது. அந்த நாளைப் பற்றி இந்த ஊர் ஒரு விதமாகப் பேசிக்கொண்டிருக்கிறது. நானும் மறுக்காமல் விட்டுவிட்டேன். உண்மையில் நடந்தது வேறு.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷம். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. காஜா பெராங்கில் ஒரு கடைக்குப் பின்னால் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அங்கிருந்து சைக்கிளில் போனால் கிளேபாங் கடற்கரை அதிக தூரம் இல்லை. கிளேபாங்கில் அப்போது விடுமுறைக்கு வருகிறவர்கள் தங்குவதற்கென்று மரப் பங்களாக்கள் வரிசையாக இருந்தன. தோட்டத்துத் துரைகள், கிராணிகள் என்று நாங்கள் சொல்லும் குமாஸ்தாக்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள் என்று குடும்பத்தோடு வந்து நாலு நாள் கடல் காற்று வாங்கிவிட்டுப் போவார்கள். அதில் ஓர் இடத்தை நடத்தியவர்தான் மாமி.

காஜா பெராங்கிலேயே இருக்கும் கம்போங் செட்டி என்ற குடியிருப்பைச் சேர்ந்தவர் அவர். மலாக்காச் செட்டிகளைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பல தலைமுறைக்கு முன்னால் இங்கே வந்த நம்மவர்களின் வழிவந்தவர்கள். சாமி நம் சாமி, கோயில் நம் கோயில். பேச்சு மட்டும் மலாய், அதுவும் அவர்களுக்கென்று ஒரு மாதிரி மலாய். உடுப்பு இடுப்பில் சாரோங், மேலே கெபாயாச் சட்டை. அந்த மலாய்க்கு நடுவில் அங்கங்கே தமிழ்ச் சொல் தலைகாட்டும். மாமி என்பதே அப்படித் தங்கிப்போன சொல். அவரைச் சீனரும் மலாய்க்காரரும் கூட மாமி என்றுதான் கூப்பிட்டார்கள். நாற்பதைத் தாண்டியவர், கணவரை இழந்தவர். சாரோங்கைக் கொஞ்சம் தூக்கிச் செருகி, கீழே ஆண்கள் போடும் கறுப்பு ரப்பர் பூட்ஸ் போட்டிருப்பார். கொண்டையில் மூன்று ஊசி. காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கடலுக்குப் போய், ஏதோ வேலைக்காரி தாமதமாக வந்ததைப் பார்ப்பது போல இடுப்பில் கை வைத்து அதைப் பார்ப்பார்.

அவரிடம் பங்களாக்கள் மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து. எல்லாம் நிபோங் மரக் கால்களின் மேல் நின்றன. முன் வரிசைக்குத்தான் கிராக்கி. சன்னலைத் திறந்தால் கடல். அவருடைய கணவர் கட்டிய காலத்தில், பௌர்ணமி, அமாவாசைக்குக் கடல் பொங்கும் பெரிய ஏற்றத்தின்போது தண்ணீர் முதல் படியைத் தொட்டுவிட்டுப் போகுமாம். பிறகு இரண்டாம் படி. நான் போன வருஷம் மூன்றாம் படி. கடல் மட்டம் ஏறுகிறது என்று இப்போது பத்திரிகையில் படம் போட்டு எழுதுகிறார்கள். அந்த அம்மாள் அதைப் படிக்கட்டில் எண்ணி வைத்திருந்தார்.

எண்ணி என்ன செய்ய? முன் வரிசையை இடித்துவிடலாமே என்று யாராவது சொன்னால், "ஓராங் மாவு லாவுட் லா" என்பார். ஆட்களுக்குக் கடல்தானே வேண்டும் என்று அர்த்தம். அதற்காக அவர் கண்டுபிடித்த வழி, பங்களாவைத் தூக்குவது. மணல் போனால் மணல் கொட்டு. தண்ணீர் ஏறினால் வீட்டை ஏற்று. அந்த வேலைக்குத்தான் நானும் என்னோடு தோட்டத்திலிருந்து வந்த இரண்டு பேரும் போனோம். நாலு மூலையிலும் ஜாக்கியை வைத்து, ஆளுக்கொரு குரல் கொடுத்து, கால் சுற்று, கால் சுற்றாகத் திருகவேண்டும். வீட்டுக்குள் நடுத் தரையில் ஒரு தம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் வைத்துவிடுவேன். அது சிந்தாமல் ஏறவேண்டும். என் தம்ளர் சிந்தியதே இல்லை. ஐந்து பங்களாவையும் ஒரு முழம் தூக்கி, காலுக்கு அடியில் பழைய ரயில் கட்டைகளைச் செருகி முட்டுக் கொடுத்தேன். முடித்த அன்று படியில் ஏறி நின்று, "இனிமே பத்து வருஷத்துக்கு இந்தப் பக்கம் கடல் எட்டிப் பார்க்காது" என்று சத்தமாகச் சொன்னேன். வேலை முடிந்து கூட்டாளிகள் இருவரும் தோட்டத்துக்குத் திரும்பினார்கள். என்னை மாமி அங்கேயே வைத்துக்கொண்டார்.

தோட்டத்தில் ஓடை ஒரே பக்கம்தான் ஓடும். கடலோ நாளைக்கு இரண்டு தடவை ஏறியது, இரண்டு தடவை இறங்கியது. ஏறும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். படியருகே வந்துவிட்டதே, இன்னும் வருமோ என்று பார்த்துக்கொண்டே நிற்பேன். மாமி என்னைக் கேலி செய்வார். "லு தாக்கோட் கா? மீசை மட்டும் பெரிசா இருக்கு" என்பார், மலாயில். தாக்கோட் என்றால் பயம். அந்த ஒரு சொல்லை முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டேன். மற்றபடி என் மலாய் கடையில் சாமான் வாங்கும் மலாய். அவர் கடலைக் கையால் காட்டி, "ஆயர் பாசாங்" என்பார். ஆயர் என்றால் தண்ணீர் என்று தெரியும். பாசாங் என்பதுதான் மலாயில் ஏற்றத்துக்குப் பெயர். எனக்கு அது தெரியாது. அவர் பேச்சில் ஒட்டியிருக்கும் தமிழ்ச் சொற்களில் அதுவும் ஒன்று, கடைசி எழுத்துத் தேய்ந்துபோய் வருகிறது என்று எடுத்துக்கொண்டேன். பாசாங்கு. தண்ணீர் பாசாங்கு செய்கிறது. வருவது போல வரும், வராது.

சிரிக்காதீர்கள். கண்ணால் பார்த்ததும் அதற்குப் பொருந்தியிருந்தது. மிரட்டுகிற மாதிரி படிவரை வந்த தண்ணீர், மத்தியானத்துக்குள் ஒன்றும் தெரியாதது போலத் தூரத்தில் போய்க் கிடக்கும். இதைவிடப் பெரிய பாசாங்கு உண்டா? அந்தச் சொல்லை மனதுக்குள் வைத்துக்கொண்ட பிறகு என் பயம் பாதி குறைந்தது. உண்மையைச் சொன்னால், பயம் குறைந்ததால்தான் அந்தச் சொல்லை யாரிடமும் கேட்டுச் சரிபார்க்காமல் விட்டேன்.

அந்த வாரம் முன் வரிசையில் ஒரே ஒரு குடும்பம்தான் இருந்தது. தோட்டத்துக் கிராணி ஒருவர், அவர் மனைவி, மூன்று மாதக் கைக்குழந்தை. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு அந்த அம்மாவுக்கு உடம்பு தேறவில்லை, கடல் காற்று நல்லது என்று டாக்டர் சொன்னாராம். கடலை ஒட்டிய கோடிப் பங்களாவைக் கேட்டு வாங்கினார்கள். குழந்தைக்கு உள்ளே உத்தரத்தில் புடவையில் தூளி கட்டிக் கொடுத்தது நான்தான்.

மாமிக்கு அப்போது காஜா பெராங் போகவேண்டியிருந்தது. செட்டிகள் இறந்துபோன தங்கள் பெரியவர்களுக்குப் படைப்பதைப் பார்ச்சு என்பார்கள். பழங்கள் காய்க்கும் காலத்தில் ஒன்று வரும். டுரியான், மங்குஸ்தான் எல்லாம் வைத்துப் படைப்பார்கள். கணவருக்கு அவர் கையால் படைக்கவேண்டும். முதல் நாள் சாயங்காலம் பஸ்ஸுக்குப் புறப்பட்டு நின்றவர், கடலை ஒரு தடவை பார்த்தார். அன்றைக்குத் தண்ணீர் மூன்றாம் படியைத் தாண்டி நாலாம் படியை நக்கிக்கொண்டிருந்தது.

"மாமி, தண்ணி ரொம்ப ஏறுதே" என்றேன், எனக்குத் தெரிந்த மலாயில்.

"நி ஆயர் பாசாங்" என்றார். பிறகு விரலை ஆட்டி, "பேசோக் பாசாங் பெசார். ஜாகா பாய்க் பாய்க்" என்றார்.

நி என்றால் இது, பேசோக் என்றால் நாளை, பெசார் என்றால் பெரிய. ஜாகா என்பது காவல், நன்றாகப் பார்த்துக்கொள். எல்லாம் புரிந்தது. நாளைக்குப் பெரிய ஏற்றம், கவனமாக இரு என்று அவர் சொன்னார். நாளைக்குப் பெரிய பாசாங்கு, இடத்தைப் பார்த்துக்கொள் என்று நான் கேட்டேன். தலையை ஆட்டினேன். அவர் பஸ் ஏறினார்.

மறுநாள் காலை எட்டரை இருக்கும். கிராணி, குழந்தைக்குப் பால் மாவு வாங்க டவுனுக்குப் போயிருந்தார். கடலுக்கு அந்தப் பக்கம், சுமத்ரா இருக்கும் திசையில், வானம் கரிச்சட்டி மாதிரி கறுத்து வந்தது. காற்று இன்னும் வரவில்லை. தண்ணீர் மட்டும் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. கிராணியம்மா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, இந்தத் தண்ணி உள்ள வருமா?"

"வராதுங்கம்மா. இது பாசாங்குத் தண்ணி. மாமியே சொல்லிட்டுப் போனாங்க."

அவர் சிரித்தார். "தண்ணி கூடவா பாசாங்கு பண்ணும்? எங்க வீட்டுக்காரர்தான் பண்ணுவாருன்னு நெனச்சேன்."

"இங்க பண்ணும்மா. நான் தூக்கி வெச்ச வீடு. நீங்க பயப்படாம உள்ள போய்ப் பிள்ளைய தூங்க வைங்க."

பின் வரிசைக்கு வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பத்து பங்களா காலியாக இருந்தது. நடந்தே வந்திருப்பார்கள், கால் மட்டும் நனைந்திருக்கும். அவரை உள்ளே போகச் சொன்னவன் நான். அவர் என் பேச்சை நம்பி உள்ளே போனார்.

நான் இரண்டாம் வரிசையில் ஒரு கதவுக்குக் கீல் போட்டுக்கொண்டிருந்தபோது காற்று வந்தது. கன்னத்தில் அறைவது போல வந்தது. கூரைத் தகரங்கள் படபடத்தன. திரும்பிப் பார்த்தால் முன் வரிசைக்கும் எனக்கும் நடுவில் மணல் இல்லை, தண்ணீர். பழுப்பு நிறம், மேலே நுரை. வீட்டைத் தூக்கியபோது நான் மேலே சேர்த்த ஆறாம் படி எங்கே என்று தேடினேன். படிக்கட்டே இல்லை. அது கழன்று, ஏணி போல மிதந்து பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்தது. கோடிப் பங்களா ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது. நான் வீட்டை உயரத் தூக்கினேனே தவிர, காலை ஆழமாக இறக்கவில்லை. அலை என் ரயில் கட்டைகளுக்கு அடியில் இருந்த மணலை உருவி எடுத்துக்கொண்டிருந்தது. உயரத்தைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்தவனுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை.

"தம்பி" என்று ஒரு குரல். வாசல் கட்டையைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா நின்றார். குழந்தையை மார்போடு புடவையில் சுற்றியிருந்தார். கத்தவில்லை. தூரத்தில் இருப்பவனைச் சாதாரணமாகக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டார். அதுதான் எனக்கு இன்னும் கேட்கிறது.

கயிறு எடுத்தேன். ஒரு முனையை இரண்டாம் வரிசைத் தூணில் கட்டினேன். இறங்கினேன். முழங்கால், தொடை, இடுப்பு. காலுக்கு அடியில் மணல் உயிரோடு இருப்பது போல நகர்ந்தது. ஓர் அலை வந்து நெஞ்சில் அடித்தது. எனக்கு நீந்தத் தெரியாது. திரும்பினேன். அவ்வளவுதான் நான் செய்தது. திரும்பி வந்து தூணைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் கயிற்றை வைத்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று சொல்லத் தெரியாது. பின்னால் பாதையில் ஒரு மீன் லாரி நின்ற சத்தம் கேட்டது. மாமி இறங்கி வந்தார். காஜா பெராங்கில் படையலுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தவர், வானத்தின் கறுப்பைப் பார்த்ததும் பாதியில் எழுந்து, டவுனுக்கு மீன் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த லாரியைக் கைகாட்டி நிறுத்தி ஏறியிருக்கிறார். கெபாயா புதுசு. பூட்ஸ் இல்லை, வெறுங்கால். என் கையில் இருந்த கயிற்றின் முனையை வாங்கி இடுப்பில் கட்டினார். நேராக இறங்கவில்லை. பக்கவாட்டில் போனார். அங்கே தண்ணீருக்கு அடியில், எப்போதோ கடல் கொண்டுபோன பக்கத்து இடத்துப் பங்களாக்களின் அடிக்கட்டைகள் இருந்தன. அவை எங்கெங்கே நிற்கின்றன என்பது அவருக்கு மட்டுமே தெரியும். ஒன்றைப் பிடித்து, அடுத்ததைக் காலால் துழாவி, அப்படியே போனார். ஒரு தடவை தலை தெரியவில்லை. கொண்டை அவிழ்ந்து முடி மட்டும் நுரையில் பரவியது. பிறகு வந்தார்.

குழந்தையைத் தோளுக்கு மேல் ஒரு கையில் தூக்கிப் பிடித்திருந்தார். கிராணியம்மா அவர் இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால். "தாரேக்" என்று மாமி என்னைப் பார்த்துக் கத்தினார். இழு என்று அர்த்தம். இழுத்தேன். உள்ளங்கைத் தோல் உரியும்வரை இழுத்தேன். அவர்கள் இந்தப் பக்கம் ஏறிய பிறகுதான் கோடிப் பங்களா போனது. உடைந்து விழும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. அசதியான எருமை முன்னங்காலை மடக்கி உட்காருவது போல உட்கார்ந்தது. உள்ளே தூளி இன்னும் ஆடிக்கொண்டிருந்திருக்கும்.

இரண்டாம் வரிசை வராந்தாவில் மூன்று பேரும் நடுங்கிக்கொண்டிருந்தோம். குழந்தை அழுதது, அழுகிறதே என்று நிம்மதியாக இருந்தது. அக்கம்பக்கத்து ஆட்கள் கூடினார்கள். அவர்கள் பார்த்தது கையில் ரத்தத்தோடு கயிற்றைப் பிடித்திருந்த என்னை. கிராணி வந்தார். பால் மாவு டின்னைக் கீழே போட்டுவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாமி மூலையில் முடியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

கிராணியம்மாதான் சொன்னார், மெதுவாக. "நீங்கதானே தம்பி வராதுன்னு சொன்னீங்க."

"மாமி சொன்னாங்கம்மா. பாசாங்குன்னு."

அந்தச் சொல் காதில் விழுந்ததும் மாமி நிமிர்ந்தார். "ஆ, பாசாங். நேற்றே சொன்னேனே" என்றார் மலாயில். நான் அவரைக் காட்டினேன், அவர் என்னைப் பார்த்தார். இருவரும் ஒரே சொல்லைத்தான் பிடித்துக்கொண்டிருந்தோம். கிராணிக்கு இரண்டு பாஷையும் தெரியும். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எனக்குத் தமிழிலும் அவருக்கு மலாயிலும் விளக்கினார். விளக்கும்போதே அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு அழுகையும் வந்தது. மாமி சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துவிட்டு, "தெரியாத சொல்லை ஏன் கேட்கலை?" என்றார்.

அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன். பயந்தவன் தனக்குச் சாதகமான அர்த்தத்தைக் கேள்வி கேட்கமாட்டான் மாமி.

அவரும் தப்பே செய்யாதவர் இல்லை. கடலைக் காட்டி ஆட்களை வரவழைக்க, போகவேண்டிய வரிசையைத் தூக்கித் தூக்கி நிறுத்தியவர் அவர்தான். அது அவருக்கும் தெரிந்திருந்தது. மறுநாளே மிச்சம் நின்ற நாலு பங்களாவையும் பிரிக்கச் சொன்னார். பிரித்து முடித்தபோது ஒன்று புரிந்தது. முன் வரிசையை எடுத்துவிட்டால் இரண்டாம் வரிசை முன் வரிசை ஆகிவிடுகிறது. கடலுக்கு முன்னால் எப்போதும் ஒரு முன் வரிசை இருக்கும். அதனால் மாமி புதிதாக ஒரு வழக்கம் வைத்தார். கடலை ஒட்டிய பங்களா விருந்தாளிக்குக் கிடையாது. பெரிய ஏற்றம் வரும் நாட்களில் அதில் அவர் போய் உட்காருவார். இல்லை என்றால் நான். தண்ணீர் வராது என்று சொல்கிறவன் அங்கேயிருந்து சொல்லவேண்டும், அவ்வளவுதான் சட்டம்.

பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் அங்கே போய் உட்கார்ந்தேன். தரைப்பலகை இடுக்கில் தண்ணீர் பளபளப்பதைப் பார்த்துக்கொண்டு, சன்னல் கட்டையை விடாமல் பிடித்திருப்பேன். மாமி பின்னாலிருந்து, "இன்னும் தாக்கோட் கா?" என்று கேட்பார். ஆமாம் என்பேன். "பாகுஸ்" என்பார். நல்லது என்று அர்த்தம். அந்தப் பயத்தில்தான் நான் தொழில் கற்றேன். வீட்டுக் காலை எவ்வளவு ஆழம் இறக்கவேண்டும், அலை எந்த மூலையில் மணலை உருவும், கல்லை எப்படிச் சாய்த்து அடுக்கவேண்டும் என்று யாரும் எனக்குப் பாடம் எடுக்கவில்லை. என் உயிர் போய்விடுமோ என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

பத்துப் பதினைந்து வருஷத்தில் இரண்டாம் வரிசையும் போனது, மூன்றாவதும் போனது. மாமி கம்போங் செட்டிக்கே திரும்பிப் போய், அங்கே வீட்டில் படுக்கையில் இறந்தார். ஊரில் என்னைப் பற்றி, கடலில் குதித்துத் தாயையும் பிள்ளையையும் காப்பாற்றியவன் என்று பேசிக்கொண்டார்கள். மாமி உயிரோடு இருந்தவரை ஒரு தடவை கூட அதைத் திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை. எனக்கு முதல் குத்தகை கிடைத்ததே அந்தக் கதையால்தான். குதித்தவர் மாமி. இழுத்தவன் நான். உள்ளே போகச் சொன்னவனும் நான்.

பிறகு காலம் மாறியது. கடல் நம்மைத் தள்ளியது போய், நாம் கடலைத் தள்ள ஆரம்பித்தோம். மலாக்கா டவுன் பண்டார் ஹிலிரில் திடலை ஒட்டி அலை அடித்த இடத்தில் இன்று கடைகளும் ஓட்டல்களும் நிற்கின்றன. அதில் மண் கொட்டிய லாரிகளில் என் லாரிகளும் உண்டு. கடலோரம் எதைக் கட்டினாலும் முதல் பெரிய ஏற்றத்துக்கு நான் போய் முன்னால் உட்கார்ந்துவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பேன். அதைப் பார்த்து ஊரில் சிரித்தவர்கள் உண்டு. ஆனால் பெரியவர் உட்கார்ந்துவிட்டார் என்றால் வாங்குகிறவன் தைரியமாக வாங்குவான். எனக்கென்று வீடு கட்டியது மட்டும் ஆயர் குரோவில், மேட்டில். பிள்ளைகள் கேட்டால் காற்று நன்றாக இருக்கிறது என்பேன்.

என் இளைய மகன் தூர்த்த நிலத்தில் ஒரு வரிசை வீடு கட்டினான். தரை எவ்வளவு உயரம் என்று முடிவு செய்து கொடுத்தது நான். வீடுகள் முடிந்த சமயம் முழங்காலில் அறுவை செய்துகொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். போய் உட்காரவில்லை. அவன் விற்றுவிட்டான். எப்படி விற்றாய் என்று கேட்டதற்குப் பெருமையாகச் சொன்னான்: "உங்க பேரைத்தான் சொன்னேன்ப்பா. அப்பா சொல்லிட்டார், தண்ணி வராதுன்னு." நான் அப்படிச் சொல்லவே இல்லை. உயரம் சொன்னேன். அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

போன மாதம் பெரிய ஏற்றத்தன்று டிரைவரைக் கூட்டிக்கொண்டு காலையிலேயே போனேன். வரிசையின் முதல் வீட்டுக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கடல் பக்கம் சுவர் நன்றாகத்தான் நின்றது. என் சுவர். தண்ணீர் பின்னாலிருந்து வந்தது, சாக்கடை வழியாக, ஒரு சத்தமும் இல்லாமல். முதலில் வாய்க்கால் நிறைந்தது. பிறகு ரோடு பளபளத்தது. பிறகு என் செருப்பு நனைந்தது. அடிவயிற்றில் அந்தக் குளிர் ஏறியது. எழுந்து போய் முதல் வீட்டுக் கதவைத் தட்டினேன். ஒரு சின்ன வயது அம்மா திறந்தார். அவருக்குப் பின்னால் கீழ் அறையில் தரையில் ஒரு மெத்தை, அதில் ஒரு குழந்தை குப்புறக் கிடந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, பிள்ளைய மாடிக்குத் தூக்கிட்டுப் போங்க. இனிமே படுக்கைய கீழ போடாதீங்க. இந்தத் தண்ணி ஏறும்."

அவர் என் நனைந்த வேட்டியைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். "வராதுன்னு சொல்லித்தானே ஐயா கொடுத்தாங்க. அந்தப் பெரியவரே சொன்னாராம்."

"அந்தப் பெரியவர் நான்தாம்மா" என்றேன். "தண்ணி வரும்."